பாதி மட்டும் நீலமாகும் லிங்க்

வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு லிங்க் அனுப்புகிறார். முகவரியின் முன்பகுதி நீல நிறத்தில் இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் நீலம் நின்றுபோய், மிச்சம் சாதாரண எழுத்தாகக் கிடக்கிறது. தட்டினால் ‘404, பக்கம் காணப்படவில்லை’ என்று வருகிறது. அனுப்பியவரோ தன் கம்ப்யூட்டரில் அதே கோப்பு ஒழுங்காகத் திறக்கிறது என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். கோப்பு சர்வரில் பத்திரமாக இருக்கிறது. நீலம் நின்ற இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அங்கே ஓர் இடைவெளி இருக்கும். கோப்பின் பெயர் ‘எக்ஸாம் ரிசல்ட்.பிடிஎஃப்’. ‘எக்ஸாம்’ வரைக்கும்தான் லிங்க். ‘ரிசல்ட்’ வெளியே விழுந்துவிட்டது.

ஒரு செய்திக்குள் முகவரி எங்கே முடிகிறது என்று வாட்ஸ்அப்புக்கு யாரும் சொல்வதில்லை. அது ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகிக்கக் கிடைக்கும் முதல் தடயமே இடைவெளிதான். ஆகவே ‘எக்ஸாம்’ என்று முடியும் ஒரு முகவரியை சர்வரிடம் கேட்கிறது. அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று சர்வர் நேர்மையாகச் சொல்கிறது. பெயரின் இரண்டாம் பாதி சர்வரின் வாசலுக்கே வந்து சேரவில்லை.

கீபோர்டில் மிக நீளமான விசை தட்டும் எழுத்துக்கு உருவமே கிடையாது. அந்த உருவமில்லாத எழுத்து இரண்டு வேலை பார்க்கிறது. நமக்குச் சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. கணினிக்குக் கட்டளையின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. கண்ணில் பட்ட இடைவெளி பெயருக்குள் இருப்பதா, பெயர் முடிந்துவிட்டதைச் சொல்வதா என்று ஒவ்வொரு மென்பொருளும் தன் இடத்தில் நின்று தானே முடிவுசெய்கிறது. இணையதளத்தில் ஏற்றிய ஒரு கோப்பு வாசகரின் கைக்கு வருவதற்குள் இந்த முடிவு பல முறை எடுக்கப்படுகிறது. அத்தனை பேரும் ஒரே மாதிரி முடிவெடுத்தால்தான் கோப்பு வந்துசேரும். பெரும்பாலும் வந்துசேர்ந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

பிரவுசர் சர்வரிடம் ஒரு கோப்பைக் கேட்கும்போது முதலில் அனுப்புவது ஒற்றை வரி. அசலில் ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

கெட் /ரிசல்ட்.பிடிஎஃப் எச்டிடிபி/1.1

மூன்று உறுப்புகள். என்ன செய்ய வேண்டும், எந்தக் கோப்பு, எந்த நெறிமுறை. மூன்றையும் பிரிப்பவை இரண்டு இடைவெளிகள். மேற்கோள் குறி, காற்புள்ளி, அடைப்பு என்று வேறு எந்த வேலியும் இல்லை. 1991-ல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிவைத்த முதல் வடிவம் இதைவிடவும் சிறியது: ‘கெட்’, ஓர் இடைவெளி, முகவரி, அடுத்து வரி முடிவு. ஒரு மனிதர் டெர்மினலில் உட்கார்ந்து கையாலேயே தட்டிச் சோதித்துப் பார்த்துவிடலாம். அந்த எளிமையால்தான் வலை அவ்வளவு வேகமாகப் பரவியது என்று நான் நம்புகிறேன். அதே எளிமைதான் இடைவெளியைப் பெயருக்குள் நுழைய முடியாத எழுத்தாகவும் ஆக்கியது.

இப்போது நம் கோப்பின் பெயரை அதே வரியில் அப்படியே வைத்துப் பார்ப்போம்:

கெட் /எக்ஸாம் ரிசல்ட்.பிடிஎஃப் எச்டிடிபி/1.1

உறுப்புகள் நான்காகிவிட்டன. இடமிருந்து படித்தால் ‘/எக்ஸாம்’ முகவரி, ‘ரிசல்ட்.பிடிஎஃப்’ நெறிமுறையின் பெயர் என்றாகிறது. அப்படியொரு நெறிமுறை உலகத்தில் இல்லை. வலக்கோடியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் எல்லாம் சரியாக அமைகிறது. நம் கண் இதை ஒரு நொடியில் புரிந்துகொள்ளும். சர்வரும் அப்படிப் புரிந்துகொண்டு போகலாமே என்று தோன்றும். கூடாது என்கிறது எச்டிடிபி/1.1-க்கு 2022-ல் வெளியான வரையறை. இப்படி ஒரு வரி வந்தால் ‘400, தவறான கோரிக்கை’ என்று சொல்லிவிட வேண்டும். அல்லது முகவரியைச் சரியாகக் குறியீடு செய்து, அங்கே போ என்று 301 கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தானாகத் திருத்திக்கொண்டு சத்தமில்லாமல் வேலையைத் தொடரக் கூடாது. காவல் வடிகட்டிகளை ஏய்ப்பதற்காகவே யாராவது அப்படி எழுதியிருக்கலாம் என்று அந்த ஆவணமே காரணமும் சொல்கிறது. அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் கசப்பான அனுபவம் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரியான குறியீடு என்பது %20. முகவரிப் பட்டையில் எல்லோரும் பார்த்திருப்போம். 1963-ல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 31 வரை கட்டுப்பாட்டுக் குறிகள். 32-ஆவது இடம் இடைவெளிக்கு. மற்ற எல்லா எழுத்துகளுக்கும் முன்னால் அதை வைத்தது யோசித்துச் செய்த காரியம். அப்படி வைத்ததால்தான் கணினி பெயர்களை வரிசைப்படுத்தும்போது, ஆங்கில எழுத்தில் ‘ராம் குமார்’ என்பது ‘ராமன்’ என்பதற்கு முன்னால் வருகிறது. தொலைபேசிப் பட்டியலில் நாம் எதிர்பார்ப்பதும் அதுதான். 32 என்ற எண்ணைப் பதினாறு அடிப்படை எண்முறையில் எழுதினால் 20. அதன் முன்னால் ஒரு சதவீதக் குறி. உருவமில்லாத ஓர் எழுத்துக்கு மூன்று எழுத்தில் உருவம் கொடுத்தாயிற்று.

இணைய முகவரியில் இடைவெளி ஏன் ஆகாது என்பதற்கு 1994 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1738 என்ற இணைய விதி ஆவணம் சொன்ன காரணம், எச்டிடிபி வரியைப் பற்றியதே அல்ல. முகவரியைக் காகிதத்தில் எழுதும்போதும், அச்சுக் கோக்கும்போதும், வேர்டு பிராசசரில் போடும்போதும் இருக்க வேண்டிய இடைவெளி காணாமல் போகலாம், இல்லாத இடைவெளி புதிதாக முளைக்கலாம் என்பதுதான் காரணம். அதன் வழிவந்த ஆர்எஃப்சி 3986, 2005-ல் வந்தது. அதில் ஒரு சிறு காட்சி இருக்கிறது. சாம், கிம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பன்னாட்டு மாநாட்டுக்குப் போன இடத்தில் ஒரு பப்பில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சாம் கூடுதல் தகவல் எங்கே கிடைக்கும் என்று கேட்க, கிம் கைதுடைக்கும் காகிதத்தில் முகவரியை எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்குப் போய் சாம் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் சரியான பக்கம் திறக்க வேண்டும். உலகத்தின் எல்லாக் கணினிகளும் பின்பற்றும் ஒரு விதியை வகுத்தவர்கள், கசங்கிய காகிதத்தையும் மனிதக் கையெழுத்தையும் மனதில் வைத்து வகுத்தார்கள். கையெழுத்தில் முதலில் குழம்புவது இடைவெளிதான்: ஒன்றா இரண்டா, இருக்கிறதா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தமிழ் விக்கிப்பீடியா லிங்க்கை நகலெடுத்து ஒட்டியவர்களுக்கு இந்தச் சதவீதக் குறிகளின் ஊர்வலம் பழக்கமானது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். ‘அறிக்கை’ என்ற சொல் யூனிகோடு கணக்கில் ஏழு குறிகள்: அ, ற, இகரக் குறி, க, புள்ளி, க, ஐகாரக் குறி. முகவரியில் அது 63 எழுத்தாகிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அதில் ஆபத்து எதுவும் இல்லை. வழியில் எந்த மென்பொருளுக்கும் அதை எங்கே வெட்டுவது என்ற குழப்பம் வராது. ஒரே பைட் நீளமுள்ள இடைவெளிதான் குழப்புகிறது.

கோப்பு கிடக்கும் வட்டுக்கு இதில் தகராறே இல்லை. யூனிக்ஸ் குடும்பத்தில் கோப்பின் பெயருக்குள் சாய்கோடும் சுழியப் பைட்டும் வரக் கூடாது. மற்ற எதுவும் வரலாம். ஆனால் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1970-களின் தொடக்கத்தில் யூனிக்ஸை உருவாக்கியபோது, மனிதர் அதனோடு பேசியது கட்டளை வரியில்தான். கட்டளை, இடைவெளி, கோப்பு, இடைவெளி, இன்னொரு கோப்பு. அங்கே வேலை செய்தவர்கள் பெயருக்குள் இடைவெளி வைக்க நினைத்திருக்கவே மாட்டார்கள். 1984-ல் மெக்கின்டாஷ் வந்ததும் கதை மாறியது. படத்தைத் தொட்டுத் திறக்கும் மனிதருக்குக் கட்டளை வரி தெரிய வேண்டிய அவசியமில்லை. ‘சிஸ்டம் ஃபோல்டர்’ என்ற பெயரிலேயே இடைவெளி இருந்தது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, எட்டெழுத்தும் மூன்றெழுத்து வாலும் என்ற டாஸ் காலத்து நெருக்கடியிலிருந்து பெயர்களை விடுவித்து 255 எழுத்து வரை அனுமதித்தது. நிரல்கள் எல்லாம் குடியேறும் அடைவுக்கே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று பெயர்.

கோப்பின் பெயரில் இடைவெளி விட்டவர்களைக் கணினிக்காரர்கள் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதுவது மனித குலம் வெகுகாலம் கழித்துப் பெற்ற வசதி. பழைய லத்தீன் ஏடுகளில் சொற்கள் ஒட்டியே ஓடின. அயர்லாந்துத் துறவிகள்தான் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் இடம் விட்டு எழுதத் தொடங்கினார்கள். நம் ஓலைச்சுவடிகளிலும் சொற்களுக்கு இடையே வெளி கிடையாது; புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. எங்கே பிரித்துப் படிப்பது என்பதே பதிப்பாசிரியரின் பெரும் வேலையாக இருந்தது. படிக்கிறவர் சிரமப்படக் கூடாது என்பதற்காக வந்த ஒரு பழக்கத்தை, கோப்புக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் மறந்துவிடு என்று ஓர் அலுவலக உதவியாளரிடம் சொல்வது நியாயமில்லை. பெயரை வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்கும் மென்பொருள்தான் அதைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

கட்டாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001 நவம்பர் சாட்சி. ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கு ஐட்யூன்ஸ் 2.0 வெளியிட்டது. நிறுவும் நிரல் முதலில் பழைய ஐட்யூன்ஸை அழிக்க வேண்டும். அழிக்கும் கட்டளையில் பாதையைச் சுற்றி மேற்கோள் குறி போட மறந்திருந்தார்கள். ஒருவரிடம் ‘டிஸ்க்’ என்றொரு வட்டும் ‘டிஸ்க் 2’ என்றொரு வட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘டிஸ்க் 2-இல் உள்ள ஐட்யூன்ஸை அழி’ என்ற கட்டளை இடைவெளியில் இரண்டாகப் பிளந்தது. முதல் பாதி ‘டிஸ்க்கை அழி’. ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுப் பகுதிகள் வைத்திருந்த சிலர் ஒரு முழு வட்டின் சேமிப்பையும் இழந்தார்கள். ஆப்பிள் அவசரமாக அதைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. இதற்கு நேர்மாறான விபத்து 2011-ல் லினக்ஸ் உலகில் நடந்தது. மடிக்கணினிகளின் கிராஃபிக்ஸ் அட்டைக்கான பம்பிள்பீ என்ற நிரலின் நிறுவல் கட்டளையில், ‘/யுஎஸ்ஆர்’ என்பதற்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஏதோ ஒரு மூலையில் இருந்த சின்னக் கோப்பை அழிக்க வந்த கட்டளை, இயங்குதளத்தின் நிரல்கள் எல்லாம் வாழும் ‘/யுஎஸ்ஆர்’ அடைவையே துடைத்தது.

விண்டோஸிலும் இதற்கு உறவுக்காரர் உண்டு. மேற்கோள் குறி இல்லாமல் ‘சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\...’ என்று ஒரு நிரலை இயக்கச் சொன்னால், விண்டோஸ் முதலில் ‘சி:\புரோகிராம்.இஎக்ஸ்இ’ என்று ஒன்று இருக்கிறதா என்று தேடும். அந்தப் பெயரில் யாராவது ஒரு தீய நிரலை வைத்துவிட்டால் அதுதான் ஓடும். பாதுகாப்புச் சோதனை செய்பவர்கள் இன்றும் இதை ஒரு தனி இனமாகத் தேடிப் பார்க்கிறார்கள்.

மறுபடி இணைய சர்வருக்கு வருவோம். கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆக்ஸஸ் லாக். சர்வர் மென்பொருள் அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாக எழுதிவைக்கிறது. அந்த வரியிலும் உறுப்புகளைப் பிரிப்பது இடைவெளிதான். அதனால்தான் கோரிக்கையை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த மேற்கோளுக்குள் பெயர் எந்த வடிவத்தில் வந்திருக்கிறது என்று பார்த்தால், தவறு எந்தக் கையில் நேர்ந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பெயர் ‘/எக்ஸாம்’ என்று பாதியில் நின்றிருந்தால் தவறு சர்வருக்கு வெளியே. மின்னஞ்சலோ அரட்டைச் செயலியோ வெட்டியிருக்கும். இல்லையென்றால் பக்கத்தின் எச்டிஎம்எல்லில் முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லை. ஒரே படம் கம்ப்யூட்டரில் தெரிந்து கைபேசியில் தெரியாமல் போவதும் சில சமயம் இந்தக் குடும்பத்து நோய். படத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் ‘எஸ்ஆர்சி’யில் இடைவெளி இருந்தால் பிரவுசரே அதை %20 ஆக மாற்றிக்கொள்ளும். திரை அளவுக்கு ஏற்ற பல படங்களைக் கொடுக்கும் ‘எஸ்ஆர்சிசெட்’டில் மாற்றாது, அங்கே முகவரியையும் படத்தின் அளவையும் பிரிப்பதே இடைவெளிதான்.

%2520 என்று வந்திருந்தால் ஒருவர் கட்டிய பொட்டலத்தை இன்னொருவர் மறுபடி கட்டிவிட்டார். சதவீதக் குறியின் ஆஸ்கி எண் 37, பதினாறு அடிப்படையில் 25. ஏற்கெனவே %20 ஆகிவிட்ட முகவரியை மறுபடி குறியீடு செய்தால் அதிலுள்ள சதவீதக் குறி %25 ஆகி, மொத்தமும் %2520 ஆகிறது. சர்வர் ஒருமுறைதான் பிரிக்கும். பிரித்ததும் ‘எக்ஸாம்%20ரிசல்ட்’ என்ற பெயரைத் தேடும், காணாது. உள்ளடக்க மேலாண்மை நிரல் ஒருமுறை, பக்க வார்ப்புரு ஒருமுறை என்று இரண்டு பேரும் கடமையைச் செய்த இடங்களில் இது நேர்கிறது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வேறெங்கிருந்தோ இறக்கிய கோப்பு, வட்டிலேயே ‘%20’ என்ற மூன்று எழுத்தோடு சேமிக்கப்பட்டிருக்கலாம். அப்போது %2520 தான் சரியான முகவரி. ஆகவே லாக்கோடு வட்டையும் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கூட்டல் குறி வந்திருந்தால், படிவங்களுக்கான விதியை யாரோ பாதைக்குப் போட்டுவிட்டார்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் தேடல் பகுதியில் கூட்டல் குறிக்கு இடைவெளி என்று பொருள். கேள்விக்குறிக்கு முன்னால் அது வெறும் கூட்டல் குறி. நிரல் மொழிகள் பலவற்றில் இரண்டுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் இருக்கின்றன. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி எடுத்துவிடுகிறார்கள்.

மிகக் கடினமானது, எல்லாம் சரியாக இருந்தும் 404 வருவது. லாக்கில் %20 ஒழுங்காக இருக்கிறது. வட்டில் கோப்பும் அதே பெயரில் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த இடத்தில் கண்ணை நம்பக் கூடாது. பெயரைப் பைட் பைட்டாகப் பிரித்துக் காட்டும் கட்டளையை ஓட்ட வேண்டும். சாதாரண இடைவெளி என்றால் 32 என்று வரும். 194, 160 என்று இரண்டு பைட் வந்தால் அது வேர்டு ஆவணங்களிலும் இணையப் பக்கங்களிலும் வரி உடையாமல் இருக்கப் போடும் இடைவெளி. எங்கிருந்தோ தலைப்பை நகலெடுத்துக் கோப்புக்குப் பெயராக ஒட்டியிருக்கிறார்கள். 226, 128, 175 என்று மூன்று பைட் வந்தால் அது உடையாத குறுகிய இடைவெளி. அண்மைக்கால மேக் கணினிகள் ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தாமாகவே பெயர் வைக்கும்போது, நேரத்துக்கும் ஏஎம், பிஎம் எழுத்துக்கும் நடுவே போடுவது அதைத்தான். நேரத்தை அழகாக எழுதுவதற்கான யூனிகோடு கூட்டமைப்பின் பரிந்துரை 2022-ல் மாறியதன் விளைவு. பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் எத்தனை முறை ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் அந்த எழுத்து வராது.

இரட்டை இடைவெளியும் இந்த வகைதான். எச்டிஎம்எல் அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கிக் காட்டும். பக்கத்தில் தெரியும் பெயரை நகலெடுத்தால் ஓர் இடைவெளி, வட்டில் இரண்டு. பெயரின் கடைசியில் தொங்கும் இடைவெளியோ இன்னும் மோசம். விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். லினக்ஸ் அப்படியே வைத்துக்கொள்ளும்.

அந்தக் கடைசி இடைவெளி ஒருமுறை உலகெங்கும் சர்வர்களைத் திறந்துவிட்டது. என்ஜின்எக்ஸ், 2010-ல் வந்த 0.8.41 பதிப்பு முதல், குறியீடு செய்யாத இடைவெளியோடு வரும் கோரிக்கைகளையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. ஒழுங்காக எழுதப்படாத பழைய நிரல்களும் பிழைத்துப் போகட்டும் என்ற எண்ணம். 2013-ல் கூகுள் பாதுகாப்புக் குழுவின் இவான் ஃப்ராட்ரிக் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். பெயரின் இறுதியில் இடைவெளி உள்ள ஒரு கோப்பை யாராவது ஏற்ற முடிந்தால் போதும். இடைவெளிக்குப் பிறகு ஒரு சுழியப் பைட்டும் ‘.பிஎச்பி’ என்ற வாலும் சேர்த்துக் கேட்டால், வெறும் படமாக ஏற்றிய கோப்பைச் சர்வர் நிரலாக ஓட்டிவிடும். தடைசெய்த அடைவுக்குள்ளும் இதே ஓட்டை வழியாக நுழைய முடிந்தது. 1.4.4, 1.5.7 பதிப்புகளில் அடைத்தார்கள். 2021 ஜூலையில் வந்த 1.21.1 முதல் கோரிக்கை வரியில் குறியீடு செய்யாத இடைவெளி வந்தாலே பிழை என்று முடிவாகிவிட்டது. அப்பாச்சியும் 2016 டிசம்பரில் 2.4.25 பதிப்பில் இதே கண்டிப்புக்கு வந்தது. இந்த மேம்படுத்தலுக்குப் பிறகு சில பழைய கருவிகளும் செயலிகளும் 400 வாங்கத் தொடங்கின. சர்வர் கெட்டுவிட்டது என்று தோன்றும். அவை முன்பும் தவறாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

2023 மார்ச்சில் வந்த அப்பாச்சி 2.4.56 இன்னும் நுட்பமான ஒரு வழியை அடைத்தது. பெரிய தளங்களில் முன்னால் ஒரு சர்வர், பின்னால் ஒரு சர்வர் இருக்கும். முன்னவர் முகவரியை வாங்கி, %20-ஐப் பிரித்து, ரீரைட் விதிப்படி மாற்றி எழுதி, பின்னவருக்குப் புதிதாக ஒரு கோரிக்கை வரி எழுதி அனுப்புகிறார். பிரித்த இடைவெளியை மறுபடி குறியீடு செய்யாமல் அந்த வரியில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? தாக்குபவர் ஓர் இடைவெளி, அதன் பின் ‘எச்டிடிபி/1.1’, அதன் பின் வரி முடிவு, அதன் பின் இன்னொரு முழுக் கோரிக்கை என்று எல்லாவற்றையும் சதவீதக் குறிக்குள் ஒளித்து அனுப்பலாம். முன்னவர் கண்ணுக்கு அது ஒரே நீண்ட முகவரி. பின்னவர் கண்ணுக்கு இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள். இரண்டாவதை முன்னவர் சோதித்ததே இல்லை.

அடைத்த விதம் எளிமையானது: மாற்றி எழுதிய தேடல் பகுதியில் இடைவெளி இருந்தால் 403, அனுமதி இல்லை. ஆனால் நேர்மையான எத்தனையோ தளங்கள், ‘/தேடு/எக்ஸாம்%20ரிசல்ட்’ போன்ற அழகான முகவரிகளை உள்ளே கேள்விக்குறியோடு மாற்றி எழுதி வைத்திருந்தன. ஒரு வழக்கமான மேம்படுத்தலுக்குப் பிறகு, இடைவெளி உள்ள பக்கங்கள் மட்டும் 403 என்றன. மற்றவை நன்றாக ஓடின. கோப்பு உரிமைகளைத் துருவிப் பயனில்லை. எரர் லாக்கில் 10411 என்ற எண்ணோடு ஒரு வரி இருக்கும். மாற்றி எழுதிய தேடல் பகுதியில் இடைவெளி இருக்கிறது என்று அது நேராகவே சொல்லும். ரீரைட் விதியின் கொடிகளில் ‘பி’ சேர்த்தால், பிரித்ததை மறுபடி குறியீடு செய்துதான் அப்பாச்சி பயன்படுத்தும். ஓரெழுத்துத் திருத்தம்.

2015-ல் வந்த எச்டிடிபி/2 இந்த நோயின் வேருக்கே போனது. அங்கே உறுப்புகளை இடைவெளியால் பிரிப்பதில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. இத்தனை பைட் முகவரி என்று எண்ணிக்கை தெரிந்துவிட்டால் உள்ளே என்ன இருந்தாலும் எல்லை குழம்பாது. கணினி அறிவியலில் ஒன்று எங்கே முடிகிறது என்பதைச் சொல்ல அடிப்படையில் இரண்டு வழிகள்: அடையாளம் வைப்பது, எண்ணிச் சொல்வது. அடையாளம் மனிதர் படிக்க வசதி. எண்ணிக்கை இயந்திரத்துக்கு உறுதி. ஆனாலும் பழைய சிக்கல் முழுக்கப் போய்விடவில்லை. பிரவுசரோடு எச்டிடிபி/2 பேசும் முன்னணிச் சர்வர், பின்னவரோடு பெரும்பாலும் பழைய ஒற்றை வரியில்தான் பேசுகிறது.

கோப்பு இறங்கிய பிறகும் பெயர் வெட்டுப்படலாம். இதை எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும் என்று சர்வர் ஒரு தலைப்பு வரியில் சொல்லி அனுப்புகிறது. அங்கே பெயரைச் சுற்றி மேற்கோள் குறி விட்டுப்போனால் ஃபயர்ஃபாக்ஸ் விதிப்படி முதல் இடைவெளியில் நிறுத்தி, ‘எக்ஸாம்’ என்று வாலில்லாமல் சேமித்துவந்தது. குரோம் முழுப் பெயரையும் ஏற்றுக்கொண்டது. குரோமில் சரியாக வருகிறதே என்று ஃபயர்ஃபாக்ஸின் மேல் பழி போட்டவர்கள் நிறைய. மேற்கோள் குறி போட்டால் இரண்டிலும் சரியாக வரும்.

இனி ஏற்றப்போகும் கோப்புகளுக்கு இடைவெளி இருக்கும் இடத்தில் சிறுகோடு போடுவதே என் பரிந்துரை. அடிக்கோடு போடுவதும் உண்டு. விக்கிப்பீடியாவில் தலைப்பின் இடைவெளிகள் எல்லாம் முகவரியில் அடிக்கோடாகின்றன. ஆனால் லிங்க்குக்குக் கீழே ஏற்கெனவே ஒரு கோடு ஓடுவதால் அடிக்கோடு அதில் மறைந்து, இடைவெளிபோலவே தெரிந்துவிடும். இந்த மாற்றத்தை ஏற்றுபவரிடம் விடாமல், கோப்பை வாங்கும் நிரலே செய்துகொள்வது நல்லது.

பழைய கோப்புகளின் பெயரை மாற்றும்போது கவனம் வேண்டும். யாரோ எங்கோ குறித்துவைத்த முகவரி அது. நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே ஒரு கட்டுரை எழுதினார். ஆகவே பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். அப்பாச்சியில் அதற்கு ‘ரீடைரக்ட் 301’ என்று தொடங்கும் ஒரு வரி போதும். அந்த வரியிலும் உறுப்புகளைப் பிரிப்பது இடைவெளிதான். பழைய பெயரை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் உறுப்புகளின் எண்ணிக்கை கூடிவிடும். ஓர் அடைவுக்கு மட்டும் விதி எழுதிவைக்கும் எச்டிஆக்ஸஸ் கோப்பில் இந்தப் பிழை நேர்ந்தால் அந்த அடைவு முழுவதும் 500 என்று நின்றுவிடும். மேற்கோள் குறி போட்டும் சிலருக்கு வேலை செய்யாது; பழைய பெயரில் %20 என்று எழுதியிருப்பார்கள். ரீடைரக்ட் ஒப்பிட்டுப் பார்ப்பது குறியீட்டைப் பிரித்த பிறகு கிடைக்கும் பாதையோடு. ஆகவே அங்கே ஸ்பேஸ் பாரைத் தட்டி அசல் இடைவெளியையே வைக்க வேண்டும்: இடப்பக்கம் மேற்கோளுக்குள் ‘/எக்ஸாம் ரிசல்ட்.பிடிஎஃப்’, வலப்பக்கம் ‘/எக்ஸாம்-ரிசல்ட்.பிடிஎஃப்’. சேமித்துவிட்டுப் பழைய லிங்க்கை ஒருமுறை தட்டிப் பார்த்தால், ஆக்ஸஸ் லாக்கில் %20 உள்ள வரிக்கு 301 என்றும், அடுத்த வரியில் சிறுகோடு உள்ள பெயருக்கு 200 என்றும் பதிவாகியிருக்கும்.